தவிட்டுப் பிள்ளையின் வாரிசுச் சான்றிதழ்

"அக்கா, இதுல உங்க அப்பா பேரு வேறயால்ல இருக்கு?"

காரைக்குடி இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் கையில் இருந்தது என் பள்ளிக்கூடத்து டி.சி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது வாங்கி வந்தது. அதற்கப்புறம் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் பிரித்துப் பார்த்ததில்லை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்ததை அன்று காலையில்தான் தூசி தட்டி எடுத்து வந்திருந்தேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இல்லை. எதிர்வீட்டு ஐயாவின் பெயர் இருந்தது. 

அப்பா இறந்து அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது. உயில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இருக்கிறது ஒத்தப் புள்ள. இதுல யாருக்குப் பிரிச்சு எழுத?" என்று சிரிப்பார். நாச்சியாபுரத்தில் அவர் பெயரில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட மனசில்லாமல், நானும் வீட்டுக்காரரும் மானகிரியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்துவிட்டோம். முன் அறையில் என் தையல் மெஷின். அந்தத் தெருவில் ஜாக்கெட் தைக்க என்னை விட்டால் ஆளில்லை. எங்களுக்கு வேறு வீடும் கிடையாது. பட்டாவை என் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஒரே பிள்ளை என்பதால் வெரசாக வந்துவிடும் என்றும் சொன்னார்கள்.

"பிறப்புச் சான்றிதழ் இருக்காக்கா?"

"நான் வீட்டுல பொறந்தவத்தா. அதெல்லாம் யாரு பதிஞ்சா?"

"ஆதார்ல?"

"வீட்டுக்காரர் பேருதான் போட்டுருக்கு."

"ரேசன் கார்டு?"

"கல்யாணத்தோட அப்பா கார்டுல இருந்து என் பேர எடுத்துட்டாக."

அந்தப் பெண் மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். "சரிக்கா, ஏத்திவிடுறேன். நேர்ல விசாரிச்சு எழுதிருவாக. நீங்க பயப்படாதீக" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு நிசமாகவே பயம் வந்தது.

டி.சி.யில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றுமே முப்பதாம் நாளைத் தாண்டவில்லை. நான் பிறந்த பதினாறாம் நாள் எதிர்வீட்டு அம்மா ஒரு முறம் நிறையத் தவிட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "தவிட்டுக்குப் புள்ள குடுப்பீகளா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டாளாம். அம்மா தவிட்டைக் கொட்டி வாங்கிக்கொண்டு, காலி முறத்தில் என்னைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் பக்கம் செய்கிற காரியம்தான் இது. பிள்ளையைத் தேடி வருவதற்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், 'அது' என்றுதான் சொல்வார்கள். அது வந்து பார்க்கும். இந்த வீட்டில் பிள்ளை விற்றுப்போய்விட்டது என்று திரும்பிவிடும். எதிர்வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள், நான்கும் கல்லுக்குண்டாக வளர்ந்தவர்கள். அந்த வாசலுக்கு அது போகாது.

பால் குடித்தது, படுத்தது, அடி வாங்கியது எல்லாம் பெற்ற அம்மாவிடம்தான். விற்றது வெறும் பேச்சுக்கு. ஆனால் அந்தப் பேச்சை யாரும் மீற மாட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிட வேண்டும். யார் கேட்டாலும் அவள் 'எம் மக' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிக்கூட 'இல்லை' என்று வாயில் வரக்கூடாது, வந்தால் அது கேட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், இப்போது உயிரோடு இல்லாத அந்த வீட்டு ஐயாதான் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். தகப்பன் பெயரைக் கேட்டதும் தன் பெயரைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேரை வைத்துப் பாடம் நடத்திய வாத்தியாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருப்பார். என் உயிரைக் காப்பாற்றத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் செய்தார்கள். அதே எழுத்துத்தான் இப்போது என் வீட்டைக் கேட்டது.

எங்கள் வி.ஏ.ஓ. இந்தப் பக்கத்து ஆள். கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"தவிட்டுப் புள்ளையா நீங்க? எங்க பெரியக்காளும் அப்படித்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சா மட்டும் ஆகாதுல்ல. ஆர்.ஐ. அம்மா, அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வந்து விசாரிச்சு எழுதணும். அவுக வடக்கு ஜில்லாவுல இருந்து வந்தவுக, புதுசு, இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது."

"நான் மக இல்லைன்னு எழுதிட்டா சார்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப ஒங்க பெரியப்பா மகன்தான் வாரிசுன்னு போகும்."

பெரியப்பா மகன் சிவகங்கையில் இருக்கிறார். நல்ல மனுசர். அப்பா காரியத்துக்கு வந்து மூன்று நாளும் நின்று எல்லாம் செய்தார். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஆர்.ஐ. கூப்புட்டுக் கேட்டா நான் அவுக மகதான்னு சொல்லிருங்க."

"கேட்டா சொல்றேன்த்தா."

"கேக்காட்டியும் ஒரு கடுதாசி மாதிரி எழுதிக் குடுத்தீகன்னா..."

"எழுத்துல எதுக்குத்தா? கேக்கட்டும், பாப்போம்."

'சொல்றேன்' என்றது ஒரே மூச்சில் 'பாப்போம்' ஆகிவிட்டது. மனுசர் பேச்சில் இந்த மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்களைக் கவனிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் கற்றுக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பழக்கம் இல்லாமலிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஆர்.ஐ. அம்மா ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிவாக்கில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். கையில் பைல், தோளில் தண்ணீர்ப் பாட்டில். தெருவே கூடிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றாலே கூடுவார்கள், இதில் கவர்மெண்டு பைல் வேறு. டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"இவுகளா? இவுக தவிட்டுக்கு வாங்குன புள்ளைல்ல!"

நாலு பேர் சிரித்தார்கள். ஆர்.ஐ. சிரிக்கவில்லை.

"வாங்கினதா? யார்கிட்ட இருந்து யார் வாங்கினாங்க?"

அதற்குள் எதிர்வீட்டுப் படியிறங்கி ஆத்தா வந்தாள். எழுபத்தெட்டு வயது, இடுப்பு வளைந்துவிட்டது, குரல் மட்டும் வளையவில்லை.

"பாட்டிம்மா, இவங்க யாரோட பொண்ணு?"

"எம் மக."

"நீங்க பெத்தீங்களா?"

"பெத்தா என்ன, வாங்குனா என்ன? எம் மகதான்."

"அப்ப இந்த வீட்டுல இருந்தாரே, இறந்துபோனவர், அவரு இவங்களுக்கு யாரு?"

ஆத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அவுகளும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாக" என்றாள்.

ஆர்.ஐ. அம்மாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், அது பேச்சுக்குச் சொல்றதுங்க."

"டி.சி.யிலயும் அதே பேருதானேம்மா இருக்கு. அதுவும் பேச்சுக்கா?" கோபமாகக் கேட்கவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். "நீங்க சுவீகாரம் போன பொண்ணா இருந்தா, பெத்த அப்பாவுக்கு வாரிசுன்னு என்னால எழுத முடியாது. சிவகங்கை கோர்ட்டுக்குத்தான் போகணும். இல்லன்னா அந்தப் பாட்டிம்மா வந்து, இவ நான் பெத்த பொண்ணும் இல்ல, சுவீகாரம் எடுத்த பொண்ணும் இல்லன்னு வாக்குமூலம் குடுக்கட்டும். வியாழக்கிழமை வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க."

ஸ்கூட்டர் போன பிறகு டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, "நான் வெளாட்டுக்குத்தான்த்தா சொன்னேன்" என்றார். முகம் செத்துப்போய் இருந்தது. அவரை என்ன சொல்ல? ஐம்பது வருடமாக இந்தத் தெருவே அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் ஆத்தா வீட்டுக்குப் போனேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

"என்னத்த சொல்லச் சொல்றா அந்தப் பொம்பள?"

"ஒரே ஒரு தடவ ஆத்தா. ஆபீசுக்காக மட்டும்."

"ஆபீசுக்குன்னு தனியாக் காது வச்சிருக்கா அது?"

 அவள் புளியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். எனக்கு ஏழு வயது இருக்கும்போது அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரு கோழியால் சண்டை. கோழி யார் வீட்டில் முட்டை வைத்தது என்ற சண்டை. வாய் முற்றி, "ஒம் மகள நீயே வச்சுக்கடி, எனக்கு எதுக்கு?" என்று ஆத்தா கத்திவிட்டாள். எட்டாம் நாள் எனக்குக் காமாலை கண்டது.

"ஒன் கண்ணு மஞ்சக்கெழங்கு கணக்கா இருந்துச்சு. தண்ணி எறங்கல. உங்கம்மா என்னைய ஒரு வார்த்த கேக்கல. ஒரு பார்வ பாத்தா, அம்புட்டுத்தான். அந்தப் பார்வைய நான் இன்னும் மறக்கல. கீழாநெல்லி புடுங்கப் போறேன்னு கொல்லைப் பக்கம் போயி, மண்டி போட்டு, எம் மக எம் மகன்னு நூறு தடவ சொன்னேன். மறுபடி இந்த வாயத் தொறப்பேனா நானு?"

"அது தண்ணி கெட்டு வந்த சீக்கு ஆத்தா. அந்த வருசம் தெருவுல பாதிப் பேருக்கு வந்துச்சாம்ல."

"வந்துச்சு. செத்துப் பொழச்சது நீ மட்டும்தான்."

பிறகு சாதாரணமாக, கடைக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னாள்: "வீடுதானே, போனாப் போகட்டும். இங்குட்டு வந்துரு. முன்னாடி மெசினப் போட்டுக்க."

அவள் வீட்டில் இரண்டு மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மெஷினை எங்கே போட? ஆனால் அவள் அதை மனசாரச் சொன்னாள். 

வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். அவர் மினிலாரி ஓட்டுகிறவர், எதையும் ரோடு கணக்கில்தான் பேசுவார்.

"ஏ புள்ள, கோர்ட்டுப் பக்கம் வண்டியத் திருப்புனா நம்ம ஆயுசுக்கும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எப்படியாச்சும் எதிர்வீட்டு அத்தையச் சம்மதிக்க வையி."

"சொன்னா எனக்கு எதாச்சும் ஆயிரும்னு பயப்படுறாக."

"நீ?"

நான் பேப்பர் படிக்கிறேன், டாக்டரிடம் போகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் ஆத்தா அந்த வார்த்தையைச் சொல்கிற மாதிரி நினைத்துப் பார்த்தபோது, பின் கழுத்தில் யாரோ ஊதினாற்போல் இருந்தது. வீடு போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை மறுபடி போனேன். "இல்லைன்னு சொல்ல வேணாம் ஆத்தா. பெத்தது யாருன்னு கேட்டா, அவுக ரெண்டு பேரும்தான்னு மட்டும் சொல்லு." அவள் யோசித்தாள். "பெத்தது அவதான். அத எங்க வேணாச் சொல்லுவேன். பிரசவத்துக்கு வெந்நி வச்சவளே நான்தானே" என்றாள். அது போதும் என்று நான் நம்பினேன், அல்லது நம்புவது போல இருந்துகொண்டேன்.

வியாழக்கிழமை வி.ஏ.ஓ. ஆபீசில் ஆத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னபடியே சொன்னாள். யார் பெற்றது, எந்த மாதம், எந்த மழை, தொப்புள்கொடி அறுத்தது யார் என்று எல்லாம் சொன்னாள். ஆர்.ஐ. அம்மா தலையாட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல வி.ஏ.ஓ. எழுதினார். கடைசியில் ஆர்.ஐ. குரலைத் தாழ்த்தி இன்னும் ஒரு வரி சொன்னார். வெளியே டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஆத்தாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஆர்.ஐ.க்குப் போன் வந்தது. "தாசில்தார் கூப்பிடுறாங்க. படிச்சுக் காட்டிட்டுக் கைநாட்டு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

வி.ஏ.ஓ. தாளை எடுத்தார்.

"நீங்க இருங்க தம்பி" என்றாள் ஆத்தா. "எம் மக படிக்கட்டும். அவ எட்டாப்பு."

தாள் என் கைக்கு வந்தது. ஐந்து வரி. நான்காவது வரி: 'இவர் என் மகள் அல்ல, இவரை நான் சுவீகாரம் எடுக்கவும் இல்லை.'

முதல் வரி படித்தேன். இரண்டாவது படித்தேன். மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு, 'மேலே சொன்னவை அனைத்தும் உண்மை' என்ற ஐந்தாவது வரியைப் படித்தேன்.

வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். அவர் எழுதியதுதானே, எத்தனை வரி என்று அவருக்குத் தெரியும். மைப்பெட்டியைத் திறந்து மேசையில் நகர்த்தி வைத்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஆத்தா."

"நான் சொன்னது மட்டும்தானே இருக்கு?"

"ம்."

அவள் கட்டைவிரலை நானே பிடித்து மையில் தோய்த்து, தாளில் உருட்டினேன். விரல் சூடாக இருந்தது. மிச்ச மையை அவள் என் தலைமுடியில் தேய்த்துவிட்டு, "எண்ணெ வையிடி, பரட்டையாக் கெடக்கு" என்றாள்.

அன்றிலிருந்து நான் நாள் எண்ண ஆரம்பித்தேன். எட்டாம் நாள் வரைக்கும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். அது போதாமல் வீட்டுக்காரரையும் எழுப்பி வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன்.

"ஏ புள்ள, கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. இதப் பாத்துப் பாத்து எனக்குத்தான் மஞ்சளாத் தெரியுது" என்றார் ஒருநாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

எட்டாம் நாள் போனது. எதுவும் ஆகவில்லை. ஆனால் அது எட்டாம் நாள்தான் வரும் என்று யார் சொன்னது? ஒன்பதாம் நாளும் தண்ணீரைக் காய்ச்சினேன்.

ஆத்தாவிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாசல் வரைக்கும் போனேன். போனால், "வாடி" என்று மோரைக் கொடுப்பாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். சொன்னால் என் பயம் பாதி குறையும். ஆனால் குறைகிற அந்தப் பாதி போய் அவள் தலையில்தான் உட்காரும். அந்த வயதில் அவள் அதைத் தாங்க மாட்டாள்.

சான்றிதழ் வந்துவிட்டதாகப் போனில் மெசேஜ் வந்தது. இ-சேவை மையத்துப் பெண் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, "நான் சொன்னேன்ல, பயப்படாதீகன்னு" என்றாள். ஒரு தாள், ஒரு கட்டம், அதில் ஒரே ஒரு பெயர், என் பெயர். உறவுமுறை: மகள். அப்பாவின் மகள் என்று எனக்கென்றே வந்த ஒரு தாளை முதல் தடவையாகப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்துக்கொண்டு கடந்தேன்.

பெரியப்பா மகன் போன் செய்தார். "வந்துருச்சாமே. என்னையக் கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்த்தா." "தெரியும்ணே" என்றேன்.

ஆத்தா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"என் கைநாட்டு எங்கடி?"

"அது ஆபீசு பைல்ல இருக்கு ஆத்தா."

"பத்திரமா வச்சிருப்பாகள்ல?"

"வச்சிருப்பாக."

எனக்குப் பயமே அதுதான். வாயால் சொன்னதாக இருந்தால் காற்றோடு போயிருக்கும். இது பீரோவுக்குள், எண் போட்ட பைலில், அவள் விரல் ரேகையோடு கிடக்கிறது. அவள் சொல்லாததைச் சொன்னதாக வைத்தது நான்.

போன மாதம் ஆத்தாவுக்குக் காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட இருக்கிற மகன்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்ததால் நானும் வீட்டுக்காரரும்தான் மினிலாரியில் கொண்டுபோனோம். நர்ஸம்மா அட்மிஷன் தாளை நீட்டி, "கூட யாரு இருக்கப் போறீக? நீங்க என்ன வேணும் இவுகளுக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கட்டிலில் இருந்து பதில் வந்தது.

"எம் மக."

"அப்படின்னா இங்கன எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினேன். கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிசாக எழுதிவிட்டேன். பின்னால் நின்ற வீட்டுக்காரர் காதோரம் குனிந்தார்.

"ஏ புள்ள, இதுவும் கவர்மெண்டுத் தாளு. அந்த ஆர்.ஐ. அம்மா கண்ணுல பட்டுச்சு, வாரிசு போச்சு."

"படட்டும்" என்றேன்.  கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

நர்ஸம்மா தாளை வாங்கிக் கிளிப் போட்டார். நான் அங்கேயே நின்றேன்.

"சிஸ்டர், இதை எம்புட்டு நாள் வச்சிருப்பீக?"

"டிஸ்சார்ஜ் ஆனதும் ரெக்கார்டு ரூமுக்குப் போயிரும். கொஞ்ச வருசம் வச்சிருந்துட்டு அழிச்சிருவாக. ஏன் கேக்குறீக?"

அழித்துவிடுவார்களாம். ஆபீசு பைலில் கிடக்கிற அந்த நான்காவது வரியை யார் அழிப்பார்கள்? "இன்னொரு தாள் இருந்தா குடுங்க சிஸ்டர், அதுலயும் எழுதித் தாரேன்" என்றேன். எதுக்கு என்று அவர் கேட்டார். கட்டிலில் ஆத்தா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.